அறுபதுக்கு மேல் வேண்டாம்

கல்ஹேன தோட்டத்து மாரியம்மன் கோவில் முன்றலில் அன்று கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். 2006ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பிரதேச சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய கட்சிகளின் பட்டியலில் கடைசிப் பெயராகத் தொங்கிக்கொண்டு நின்றது போதும், இந்தத் தடவை சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களே சுயேச்சைக் குழுவாக இறங்குவோம் என்று இளைஞர்கள் தீர்மானித்திருந்தார்கள். அதில் யாருக்கும் மறுப்பில்லை. கிருஷ்ணகுமாரி எழுந்து நின்ற பிறகுதான் தகராறு தொடங்கியது.

கிருஷ்ணகுமாரிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இரத்தினபுரிக்கு பஸ் ஏறிப்போய் உயர்தரம் படித்துத் தேறிய முதல் கல்ஹேனப் பெண். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லாருக்கும் அவள் டீச்சர்.

"நம்ம பட்டியல்ல அறுபது வயசு தாண்டினவங்க யாரும் வேணாம்," என்றாள் அவள். "இளைஞர்களுக்கு நூத்துக்கு நாப்பது எடம் குடுக்கணும்னு சட்டமே சொல்லுது. நாம நூத்துக்கு நூறு குடுத்தா என்ன?"

முன்வரிசை நாற்காலியில் இருந்த அழகமுத்துவின் முகம் சிவந்தது. முப்பது வருசத்துக்கும் மேலாகத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். வயது எழுபத்தாறு. எந்தத் தேர்தல் வந்தாலும் கல்ஹேனவிலிருந்து நிற்பது அவர்தான். போன தடவை சபை உறுப்பினரானவரும் அவர்தான்.

"நான் சங்கம் கட்டினப்போ ஒங்கப்பனுக்கு மூக்கு ஒழுகிக்கிட்டிருந்திச்சி," என்றார்.

"அதத்தான் தாத்தா நானும் சொல்றேன். எங்கப்பாவே வேலையிலருந்து நின்னுட்டாரு. நீங்க இன்னும் தலைவரு."

சிரிப்பு கோவில் மணியை அசைத்துவிடும் போலிருந்தது. அழகமுத்துவின் ஆட்கள் எழுந்தார்கள். பையன்களும் எழுந்தார்கள். தள்ளுமுள்ளு ஆவதற்கு முன் பூசாரி குறுக்கே வந்து, கையைத் தூக்கச் சொல்லி முடிவு பாருங்கள் என்றார்.

கைகள் உயர்ந்தன. எண்ணிக்கொண்டு வந்த கிருஷ்ணகுமாரி, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். எல்லாருக்கும் முன்னால், வளையல் இல்லாத ஒரு மெலிந்த கை நேராக மேலே நின்றது. அங்காயியின் கை. அங்காயிக்கு வயது எழுபது.

"பெரியம்மா, வெளங்கித்தான் தூக்குறீங்களா? அறுபது தாண்டினவங்க வேணாம்னு நெனைக்கிறவங்கதான் தூக்கணும்."

"எனக்குக் காது ஒண்ணுதான் மந்தம், மூள இல்ல," என்றாள் அங்காயி. "அழகமுத்து அண்ணன் எறங்கணும். அதுக்கு நானும் எறங்கணும்னா எறங்கிக்கிறேன். எண்ணுடி."

தீர்மானம் நிறைவேறியது. அழகமுத்து சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் லயத்து வீடுகளின் பக்கம் நடந்தார். வெற்றி பெற்ற சந்தோசத்தில் கிருஷ்ணகுமாரிக்கு அன்று வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்த ஒரு கை மட்டும் மனதில் நின்றது. எதிலிருந்து இறங்குவதாக அந்தப் பெரியம்மா சொன்னாள்? அவள் எதிலும் ஏறியதே இல்லையே.

*

கல்ஹேனவில் பிறந்து கல்ஹேனவில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள் அங்காயி. ஆனால் சட்டப்படி அவளுக்கு வெகுகாலம் எந்த நாடும் இருக்கவில்லை. இந்தியாவுக்குப் போகிறோம் என்று அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். புருசனும் அண்ணன்மாரும் முதலில் கப்பலேறினார்கள். நோயில் கிடந்த தாயைப் பார்த்துக்கொள்ள அங்காயி பின்தங்கினாள். அடுத்த கப்பலில் வருகிறேன் என்றாள். தாய் கண்மூடியபோது நாட்டில் கலவரம் மூண்டு, கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று அவளுடைய தகரப்பெட்டியில் காலாவதியாகிக் கிடந்தது. புருசனிடமிருந்து சில காலம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. பிள்ளையும் இல்லை. அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள், வந்தாள்.

1992இல் தோட்டம் கம்பனி கைக்கு மாறியபோதுதான் அங்காயி யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. கீழ்ப்பிரிவுப் பெண்கள் இனி மேல்பிரிவுக்குக் கொழுந்தைச் சுமந்துவந்து நிறுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. செங்குத்தான பாதை. மாசமாயிருந்த ஒருத்தி பாதி வழியில் சாய்ந்து விழுந்தாள். அங்காயி தன் சாக்கை அந்த இடத்திலேயே இறக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கொழுந்து வாடிப் போகும், எழும்புங்கள் என்று சத்தம் போட்டார்.

"அது வாடினா ஒங்களுக்கு இந்த ஒரு நாள்தான் நட்டம்," என்றாள் அங்காயி. "நாங்க வாடினா யாருக்கு நட்டம்னு கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இருக்கோம்."

அன்று கொழுந்து முழுவதும் வாடிப் போனது. மறுநாளும் அதேதான். பிறகு கீழ்ப்பிரிவிலேயே நிறுக்கிற மடுவம் ஒன்று கட்டினார்கள். திறப்புவிழாவில் மாலை அழகமுத்து தலைவருக்கு விழுந்தது. அங்காயி கூட்டத்தோடு நின்று கைதட்டினாள்.

கிருஷ்ணகுமாரிக்கு அப்போது பதினான்கு வயது. அந்த மாலையை அவள் மறக்கவில்லை. ஆனால் அதைவிட ஆழமாக மனதில் பதிந்தது இன்னொரு காட்சி. தேர்தல் நாள்களில் கல்ஹேன ஆட்கள் எல்லாரும் கிராமத்துச் சிங்களப் பாடசாலைக்கு ஓட்டுப் போட நடந்து போவார்கள். அங்காயியும் கூடவே போவாள். பாடசாலை வாசல் கேற்றுக்கு வெளியே, பலா மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவள் மடியில் விட்டுவிட்டுப் போவார்கள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி இன்னும் சில.

"பெரியம்மா, நீங்க ஏன் உள்ள போகல?" என்று கிருஷ்ணகுமாரி ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"எனக்கு உள்ள வேல இல்லத்தா. ஒந்தம்பிய இப்பிடிக் குடு."

2003இல் சட்டம் மாறியது. நாடில்லாமல் கிடந்தவர்கள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டுச் சமாதான நீதவான் ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டால் பிரஜையாகிவிடலாம். கஹவத்தைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முக்தார் நானாதான் கல்ஹேனவுக்குச் சமாதான நீதவான். எழுதத் தெரியாதவர்களுக்கு உதவியாகக் கிருஷ்ணகுமாரியும் போயிருந்தாள். முக்தார் முத்திரை குத்தி நீட்டியதும் அங்காயி அதை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான் ஆச்சி. இனிமே நீங்க இந்த நாட்டு ஆள்."

அங்காயி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாத சிரிப்பு. வரிசையில் நின்றவர்களும் ஏனென்று தெரியாமல் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "இந்த ஒரு குத்துக்காடா இத்தன நாளு," என்று மட்டும் சொன்னாள்.

2005 நவம்பரில் அவள் முதன்முதலாக ஓட்டுப் போட்டாள். வாக்குச்சீட்டோடு மறைப்புக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. வரிசை நீண்டது. இளம் அதிகாரி ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். "பொட்டக் இன்ன புதா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறு மகனே. அதிகாரி பொறுத்தார். வரிசையும் பொறுத்தது. அடுத்து கிருஷ்ணகுமாரி நின்றுகொண்டிருந்தாள். தான் பதினெட்டு வயதிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிற ஒரு புள்ளடி, அந்த மறைப்புக்குப் பின்னால் இருப்பவளுக்கு எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்புக்குள் அது அடங்கவில்லை.

*

வேட்புமனுக் கொடுக்கும் கடைசி நாளன்று எல்லாரும் மாவட்டச் செயலகமான இரத்தினபுரிக் கச்சேரிக்குப் போனார்கள். நண்பகலோடு நேரம் முடியும். பட்டியலில் ஒரு பெயர் குறைந்தாலும் முழுப் பட்டியலும் தள்ளுபடி. பட்டியலில் பெயர் இருந்த, காலையில் வந்து சேரவேண்டிய மதுசனை மட்டும் காணவில்லை. கோவில் முன்றலில் தீர்மானத்துக்குக் கைதட்டி விசிலடித்தவன் அவன்தான். பலமுறை அடித்த பிறகுதான் தொலைபேசியை எடுத்தான்.

"டீச்சர், கட்டாருக்கு விசா வந்திருச்சி. நாளைக்குப் பிளேன். கொழும்புல நிக்கிறேன். மன்னிச்சிருங்க."

கிருஷ்ணகுமாரி கச்சேரி மதிலோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. தோட்டத்தில் படித்த பையனுக்கு என்ன இருக்கிறது? இளைஞர் கணக்குக்குப் போதுமான பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஒரே ஒரு ஆள்தான் குறைவு. ஆனால் அந்த ஓர் ஆளைத் தோட்டத்திலிருந்து கூட்டிவர நேரமில்லை. கூட வந்திருந்த முக்தார் நானா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்குக் கஹவத்தைச் சபைக்கு ஓட்டு இல்லை, பெல்மதுளையில்தான்; அதனால் அவரும் நிற்க முடியாது.

அப்போதுதான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் அங்காயி தெரிந்தாள். பிரஷர் மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்கு, இவர்கள் வந்த பஸ்ஸில்தான் அவளும் வந்திருந்தாள். மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வந்திருந்தாள்.

முக்தாரும் கிருஷ்ணகுமாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசயத்தைக் கேட்டதும் அங்காயி தலையை ஆட்டினாள். "முடியாது."

"பேருக்குத்தான் பெரியம்மா. கையெழுத்துப் போட்டா போதும்."

"அறுபதுக்கு மேல வேணாம்னு நீதானே கேட்ட? நானுந்தானே கை தூக்கினேன்? கோவில் முன்னால தூக்கின கை."

"இப்ப வேற வழியில்ல பெரியம்மா. பட்டியலே போயிரும்."

"வழி இல்லைன்னா தூக்கினவங்ககிட்டயே கேளு. அவங்க சரின்னு சொன்னா நிக்கிறேன். நீயா மாத்த முடியாது. நானா மாத்தவும் முடியாது."

கிருஷ்ணகுமாரிக்கு ஆத்திரமாக வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கோவில் கூட்டமா? ஆனால் அங்காயி மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். 1992இல் கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்த அதே உட்காரல். ஜீப்பில் வந்த துரையாலேயே அசைக்க முடியாததை இவள் எங்கே அசைக்க?

கிருஷ்ணகுமாரி தோழி ஷாமிளாவைத் தொலைபேசியில் அழைத்தாள். ஷாமிளா கொழுந்தெடுப்பவள், கைத்தொலைபேசி வைத்திருந்தவள். முதல் நிறுவைக்காக கீழ்ப்பிரிவுப் பெண்கள் மடுவத்தில் கூடியிருந்த நேரம் அது. ஷாமிளா தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி ஒரு சாக்கின்மேல் வைத்தாள். கிருஷ்ணகுமாரி இரத்தினபுரித் தெருவில் நின்றுகொண்டு, லொறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி நிலைமையைச் சொன்னாள். அறுபது வயதுத் தீர்மானத்தைத் தளர்த்த வேண்டும், அங்காயிப் பெரியம்மாவைச் சேர்க்க வேண்டும், சம்மதமானவர்கள் கை தூக்குங்கள்.

மறுமுனையில் சலசலப்பு. அதற்குள் ஓர் ஆண்குரல் கேட்டது. அழகமுத்துவின் குரல். தேயிலைத்தூள் வாங்க வந்தவர் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப அந்தச் சட்டம் எனக்கு மட்டுந்தானா டீச்சரு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்ன சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று கிருஷ்ணகுமாரிக்குத் தெரிந்தது. பிறகு ஷாமிளாவின் குரல் வந்தது.

"அவரு போயிட்டாரு. இங்க எல்லாருமே தூக்கிட்டாங்கடி. கணக்கப்பிள்ளையும் தூக்கிட்டாரு. அவருக்கு நம்ம பக்கம் ஓட்டே கெடையாது."

அங்காயி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, முக்தார் நீட்டிய பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். பட்டியல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சின்னம், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல்.

*

கேத்தல் சின்னத்துக்கு ஒரே ஓர் ஆசனம் கிடைத்தது. அந்த ஆசனம் யாருக்கு என்பதை, பட்டியலில் அவரவர் இலக்கத்துக்குத் தனியாக விழுந்த விருப்பு வாக்குகள் தீர்மானிக்க வேண்டும். வீடுவீடாக ஏறி இறங்கியவள் கிருஷ்ணகுமாரி. துண்டுப்பிரசுரம் எழுதியவளும் அவள்தான். கூட்டங்களில் பேசியவளும் அவள்தான். எண்ணி முடித்தபோது முதலிடத்தில் அங்காயி நின்றாள். கிருஷ்ணகுமாரி இரண்டாவது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஷாமிளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் அவங்க நம்பருக்குத்தான் போட்டியா?" என்று கிருஷ்ணகுமாரி கேட்டாள்.

"ஒனக்கும் போட்டேன், அவங்களுக்கும் போட்டேன். எங்க வீட்டு ரெண்டு பிள்ளையையும் ஓட்டுப் போடுற அன்னிக்கி அவங்கதானே மடியில வச்சிருந்தாங்க. ஒவ்வொரு எலெக்சனுக்கும். கல்ஹேனவுல யாரு வீட்டுப் பிள்ளைய அவங்க வச்சிருக்கல?"

கிருஷ்ணகுமாரி அழுகையை நிறுத்தினாள். உள்ளே போக முடியாமல் கேற்றுக்கு வெளியே அங்காயி உட்கார்ந்திருந்த அத்தனை காலமும் யாரும் எண்ணாத ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அது இப்போது பெட்டிக்குள்ளிருந்து கொட்டியிருக்கிறது. பொறாமைப்படவும் முடியாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது.

சபையின் முதல் கூட்டத்துக்கு அங்காயி அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். சிங்களம் அங்காயிக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிராமத்துக்காரர்களோடு ஆற்றிலும் சந்தையிலும் பேசிப் பழகிய சிங்களம். சபைத் தலைவரான தவிசாளர் உட்பட எல்லாரும் அவளை ஆச்சி என்றார்கள். முன்னாலிருந்த உறுப்பினர் அழகமுத்து கூட்டங்களில் வாய் திறந்ததாகச் சபைப் பணியாளர்களுக்கு நினைவில்லை. அங்காயி முதல் நாளே எழுந்தாள்.

கல்ஹேனவுக்கு வண்டி ஏறாது. பிரசவ வலி கண்ட பெண்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் பெரிய ரோட்டுக்கு வரவேண்டும். அந்தப் பாதையைப் போட்டுத் தாருங்கள் என்றாள். செயலாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

அங்காயி திரும்பக் கேட்டாள், சரியாகத்தான் விளங்கியதா என்று. விளங்கியதும் அவள் முகம் கோபப்படவில்லை. வியப்பில் விரிந்தது.

"எங்க ஓட்டு உங்க சபைக்குள்ள வரலாம். உங்க சபை எங்க தோட்டத்துக்குள்ள வர முடியாதா?"

பக்கத்துக் கிராமத்து இளம் உறுப்பினர் ஒருவர், எல்லை வரைக்கும் போடலாமே, அதில் எங்கள் ஆட்களும் நடக்கிறார்கள் என்றார். ஒரு வருசத்துக்கு மேல் இழுபட்டது. அங்காயி ஒரு கூட்டமும் தவறவில்லை. ஒரு கூட்டத்தில் மத்தியானச் சூட்டில் குறட்டைவிட்டுத் தூங்கியும் போனாள். பார்வையாளர் வரிசையில் இருந்த கிருஷ்ணகுமாரிக்கு மானம் போனது. இதற்குத்தானே அறுபதுக்கு மேல் வேண்டாம் என்றேன் என்று பல்லைக் கடித்தாள். ஆனால் பாதை விசயம் வாசிக்கப்பட்டதும் கிழவி கண்ணைத் திறந்துவிட்டாள்.

எல்லை வரைக்கும் கொங்கிறீட் பாதை வந்தது. மழைத்தண்ணீர் அடியால் ஓட ஒரு போக்கும் கட்டினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கல்ஹேன ஆட்கள் தாங்களே கல் உடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானமாகப் பாதை போட்டார்கள். பக்கத்துக் கிராமத்து இளைஞர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அடையாள அட்டை இல்லாமல் கடைவீதிக்குப் போகத் தமிழர்கள் பயந்த நாள்கள். அந்தப் பாதையில் மட்டும் இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே வாளியில் தேத்தண்ணி குடித்தார்கள். முதன்முதலாக ஒரு வேன் லயத்து வாசல் வரை ஏறி வந்தபோது கல்ஹேனவில் வேலை நின்றுபோனது. கைக்குழந்தையிலிருந்து கிழவன்வரை வாசலுக்கு வந்து, அந்த வெள்ளை வேனைக் கோவில் தேரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

*

2008 மே மாதக் கூட்டத்தில் அங்காயி எழுந்து, போக்கில் மண் அடைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டாள். தவிசாளர் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவள் மறுபடியும் எழுந்தாள். அதே கேள்வி. தவிசாளர் முதலில் சொன்னதையே பொறுமையாகத் திரும்பச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

கஹவத்தை பஸ் நிலையத்தில் அங்காயி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"குமாரி, நான் இன்னைக்கி ஒரே கேள்விய ரெண்டு தடவ கேட்டேனா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனிவரைக்கும் வந்தது.

"ஆமா பெரியம்மா."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்த."

மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை அசைத்தாள். "அப்ப சரி. வெலகுறேன்னு எழுதிக் குடு. நாளைக்கே கையெழுத்துப் போட்டுர்றேன்."

"என்ன பெரியம்மா இது! யாருக்குத்தான் மறதி இல்ல? டாக்டர்கிட்ட காட்டுவோம். நான் பக்கத்துலயே இருந்து ஒங்களுக்கு எடுத்துக் குடுக்கிறேன்."

"நீ எடுத்துக் குடுத்து நான் பேசினா அது நீ பேசுறதுதானே. நடுவுல நான் எதுக்கு?"

பஸ் வந்தது. அங்காயி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். கிருஷ்ணகுமாரி மட்டும் படியில் கால் வைக்காமல் நின்றாள். பெரிய பெரிய நாற்காலிகளை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவர்களைப் பற்றி அவள் எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறாள். இவள் அந்த நாற்காலிக்கு ஓர் ஆயுள் முழுதும் காத்திருந்து வந்தவள். ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் விட்டுவிட்டாள். முகத்தில் வருத்தத்தின் கோடுகூட இல்லை. நடத்துநர் விசிலடித்த பிறகுதான் கிருஷ்ணகுமாரிக்கு ஏற வேண்டும் என்று தோன்றியது.

செய்தி கேட்டு அழகமுத்து அங்காயி வீட்டு வாசலுக்கு வந்தார். தேர்தலுக்குப் பிறகு அவர் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏன் அங்காயி, இன்னும் காலம் இருக்கே? யாரும் போகச் சொல்லலையே?"

"சொல்ல வச்சிக்கிட்டா அண்ணே இருக்கணும்?" என்றாள் அவள். "ஒக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

அழகமுத்து தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். சங்கத் தலைவர் பதவியை அவர் விடவில்லை. இறக்கும்வரைக்கும் விடமாட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அங்காயியின் இடத்துக்கு, விருப்பு வாக்கில் அடுத்திருந்த கிருஷ்ணகுமாரி உறுப்பினரானாள்.

அடுத்த வருசம் பொங்கலுக்குப் பிறகு கோவில் முன்றலில் மீண்டும் கூட்டம் போட்டார்கள். அறுபது வயதுத் தீர்மானத்தை எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. எடுத்துவிட வேண்டும் என்று ஷாமிளா வாதாடினாள். அங்காயிப் பெரியம்மாவைப் பார்த்த பிறகுமா வயதைக் கேட்பீர்கள் என்றாள். ஒரு பையன் எழுந்து, ஒரு அங்காயிக்காகக் கதவைத் திறந்தால் பத்து அழகமுத்து உள்ளே வருவார்கள் என்றான். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது கிருஷ்ணகுமாரிக்கு. மூன்று வருசத்துக்கு முன்பு இதே இடத்தில் எழுந்து நின்றபோது அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. இந்தத் தடவை அவள் கை எந்தப் பக்கமும் உயரவில்லை. கொஞ்சம் வித்தியாசத்தில் தீர்மானம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சண்டை ஓயவில்லை. அடுத்த தேர்தல்வரைக்கும் ஓயாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருசம் மழைக்காலத்தில் அங்காயிக்கு மறதி கூடியது. ஷாமிளாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மாறி மாறிச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு மாலை கிருஷ்ணகுமாரி சபைக் கூட்டம் முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனாள். அங்காயி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவளை உற்றுப் பார்த்தாள்.

"நம்ம மெம்பரு இப்ப யாரும்மா?" என்று கேட்டாள்.

"நான்தான் பெரியம்மா."

"ஒனக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

அங்காயி மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். "ரொம்பச் சின்னப் பிள்ளையா இருக்கியே," என்றாள் கவலையோடு. சற்று நேரம் யோசித்தாள். "எந்திரிச்சிப் பேசுவியா?"

"பேசுவேன்."

"அப்பன்னா சரி. இன்னைக்கி என்ன நடந்திச்சி, சொல்லு."

கிருஷ்ணகுமாரி பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைய கூட்டத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அங்காயி கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஊம் கொட்டினாள்.